தோட்டத்து மாணவரும் சர்வகலாசாலையும்

பரீட்சைக்குப் படிப்பதா, சங்கக் கூட்டத்துக்குப் போவதா, நாளைய உத்தியோகத்துக்கு இன்றே வழி தேடுவதா என்று ஒரு சர்வகலாசாலை மாணவன் தடுமாறும்போது, அவனுக்குப் புத்தி சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கால அட்டவணையைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாளின் 24 மணி நேரமும் அவனுடைய சொந்தச் சொத்து என்றும், அதைப் பங்கிட்டுக்கொள்ளும் சாமர்த்தியம் ஒன்றுதான் அவனிடம் குறைவு என்றும் அவர்கள் நினைக்கிறார்கள் போலும். நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானைச் சுற்றியும், போர்ட்டிக்சன் சாலை நெடுகிலும், பஹாவ் பக்கத்து உட்புறங்களிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயன் வீடுகளிலிருந்து புறப்பட்டுப் போன தமிழ் மாணவர்களின் சரித்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உபதேசம் சற்று வேடிக்கையாகவே தோன்றும். அவர்களுடைய நேரத்தில் ஒரு பங்கு தோட்டத்துக்கும், ஒரு பங்கு வீட்டுக்கும், ஒரு பங்கு தங்களுக்குப் பின்னே வரக் காத்திருந்த பிள்ளைகளுக்கும் முன்னதாகவே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

சுங்கை ஊஜோங் என்று வெள்ளைக்காரர் காலத்தில் வழங்கிய சிரம்பான் வட்டாரத்தில், ரப்பர் வருவதற்கு முன்னரே காப்பித் தோட்டங்கள் இருந்தன. ரந்தாவ் பக்கத்து லின்சம் தோட்டம் அப்படிக் காப்பியில் தொடங்கியதே. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை வானளாவ ஏறியபோது, காப்பி நின்ற இடத்திலும் காடு நின்ற இடத்திலும் பால்மரம் நடப்பட்டது. மரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிமார் சேலம், திருச்சி, தென்னாற்காடு, வட ஆற்காடு ஜில்லாக்களுக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். இந்தக் கதை பலரும் எழுதியது; இங்கே அதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது, வந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான்.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதை விரித்து 1923இல் வந்த சட்டமும், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் முதலாளி ஒரு பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று விதித்தன. விதி நல்ல விதிதான். ஆனால் அதை நிறைவேற்றியவர்களுக்குப் பிள்ளைகளின் வித்தையைவிட அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தோட்டத்தைவிட்டுப் போகாமல் இருப்பதே முக்கியமாக இருந்தது. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, பல வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் சொல்லும் ஒரே வாத்தியார். சில தோட்டங்களில் அந்த வாத்தியார் பாதி நேரம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாகவும் இருந்தார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போன தாய் தகப்பன் தங்கள் நிரையில், அதாவது பால் வெட்டும் மரவரிசையில், நிற்கும் வேளையில் பிள்ளை எங்கேயாவது பத்திரமாக இருக்கவேண்டும் என்ற அளவில், ஆயாக்கொட்டகைக்கு அடுத்த படியாகவே பள்ளிக்கூடம் கருதப்பட்டது. நாலாவதோ ஆறாவதோ முடித்த பையன் தகப்பனுக்குப் பின்னால் பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போனான். கை பழகியதும் அவனுக்கே ஒரு நிரை கிடைத்தது. அந்தக் கல்விக்கு இதற்குமேல் ஒரு லட்சியம் இருந்ததாக அதை நடத்தியவர்களே சொல்லிக்கொள்ளவில்லை.

சிரம்பான் பட்டணத்தில் நிலைமை வேறு. செயிண்ட் பால்ஸ் பள்ளி 1899இலும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய பள்ளி 1928இலும் ஏற்பட்டு, ஆங்கிலக் கல்வியைத் தாராளமாக வழங்கின. ஆனால் அங்கே படித்த தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்கக் காரியாலயங்களுக்கும் வந்தவர்களின் மக்கள், கிராணிமாரின் மக்கள், கடைத்தெரு வியாபாரிகளின் மக்கள். பால்வெட்டுக்காரன் மகன் அந்த வாசலை மிதிக்கவேண்டுமானால், ஆங்கிலமும், சம்பளமும், பட்டணத்தில் தங்க ஓர் உறவினர் வீடும் ஒருங்கே வேண்டும். மூன்றும் ஒருவனிடமே சேர்வது அபூர்வம். பிறகு ஜப்பானியர் வந்தார்கள். தோட்டத்து ஆடவர் பலரைச் சயாம் மரண ரயில் பாதை கொண்டுபோயிற்று. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. ஒரு தலைமுறையின் படிப்பு அங்கேயே அறுந்தது.

யுத்தம் முடிந்தபின், உயர்கல்வி பற்றி ஆராய்ந்த கார்-சாண்டர்ஸ் குழுவின் சிபாரிசின்படி, 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதில் இந்தியவியலுக்கு ஒரு துறை அமைப்பது பற்றிய யோசனை எழுந்தபோது, ஆலோசனை கூற வந்த சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சம்ஸ்கிருதத்துக்கு முதன்மை கொடுக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார். இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராக இருக்க, தமிழ் பின்னுக்குத் தள்ளப்படுவதைத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி பொறுக்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் அவர் திரட்டிய நிதிக்குப் பட்டணத்துச் செல்வர்கள் மாத்திரம் கொடுக்கவில்லை. சர்வகலாசாலை என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத தோட்டத் தொழிலாளரும் தங்கள் நாட்கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது; தமிழ் அதில் இடம்பெற்றது; திரட்டிய நிதி அதன் நூலகத்துக்கு உதவிற்று.

இந்தச் சம்பவத்தை நான் பெரிதாக எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுக் காரியம் என்பது படித்து முடித்தவர்களோ, படிப்பிலிருந்து சற்று ஓய்வு கிடைத்தவர்களோ செய்வது என்பது சாதாரண அபிப்பிராயம். தோட்டத்து ஜனங்களின் விஷயத்தில் வரிசை தலைகீழாக இருந்தது: பொதுக் காரியம் முதலில் நடந்தது, அதற்குப் பின்னரே படிப்பு வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கூடிப் பணம் போட்டதால் ஏற்பட்ட புத்தகசாலையில்தான் அவர்களுடைய பேரன் பின்னாளில் உட்கார்ந்து பட்டம் வாங்கினான். அப்படிப்பட்டவன் சங்கம், பேரவை, மன்றம் என்று அலைவதைப் படிப்புக்கு நேரும் நஷ்டமாகக் கணக்கிடுபவர்கள், அந்தப் புத்தகசாலையின் முதற் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

துறை பின்னர் கோலாலம்பூருக்கு மாறிற்று. 1961இல் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அந்த வளாகத்திலிருந்தே தமிழுலகை ஒன்று கூட்டியது. மாணவர்களின் தமிழ்ப் பேரவை அக்காலத்தில் சஞ்சிகையும், விவாதமும், நாடகமும், பொங்கல் விழாவும் நடத்திற்று. எண்பதுகளிலிருந்து அது நடத்திய சிறுகதைப் போட்டியும், ‘பேரவைக் கதைகள்’ என்ற தொகுப்பு வரிசையும் மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஓர் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆனால் 1966இல் அம்மாநாட்டுப் பந்தலில் நின்ற மாணவர்களுள் லயன் வீட்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே நியாயமான ஊகம். வழி அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது.

வழியைத் திறந்தது 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அது தமிழ்ப் பள்ளியை ஆரம்பக் கல்வியளவில் நிறுத்திவிட்டு, இடைநிலைப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் வேறு மொழிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளவேண்டும் என்று ஆக்கிற்று. முதலில் ஒரு வடிகட்டும் பரீட்சை இருந்தது. 1964க்குப் பின் அது நீங்கியதால், தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சிரம்பான், போர்ட்டிக்சன், பஹாவ், தம்பின் பள்ளிகளுக்கு வரத் தலைப்பட்டார்கள். தோட்டத்து லாரியிலோ சைக்கிளிலோ பெருஞ்சாலை வரைக்கும் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மற்றப் பிள்ளைகளைவிட ஒரு வயது மூத்தவர்களாக, மொழி புரியாத வகுப்பில் கடைசி வரிசையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். அதுவும் போதாதென்று, 1970 தொடங்கி ஆங்கில வழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. அண்ணன் ஆங்கிலத்தில் படித்த பாடத்தைத் தம்பி மலாயில் படித்தான். வீட்டில் ஒருவன் புத்தகம் மற்றவனுக்கு உதவவில்லை.

வீட்டிலிருந்த மற்றப் பேரைப் பற்றியும் சொல்லவேண்டும். பல குடும்பங்களில் மூத்த பெண் ஆறாம் வகுப்போடு நின்று தாயோடு நிரைக்குப் போனாள். அவள் சம்பளத்தில் தம்பி புகுமுக வகுப்புக்குப் போனான். பட்டமளிப்பு விழாப் படத்தில் அவள் பெரும்பாலும் இல்லை. இருந்தால் ஓரத்தில் நிற்பாள்.

உத்தியோகக் கவலை என்று இன்று மாணவர்கள் சொல்லுவது, பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைக்குமா என்ற கவலை. தோட்டத்துக் குடும்பத்தின் கவலை வேறு தினுசானது. அதன் மூலம் லயன் வீடு. வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; அதில் குடியிருக்கும் உரிமை வேலையோடு வந்தது, வேலையோடு போகும். தகப்பனுக்கு வயதாகிக் கணக்கு முடித்தால், பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் சட்டி பானையை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். ஆகவே ஐந்தாம் படிவம் முடித்த பையனை ஆறாம் படிவத்துக்கு அனுப்புவதா, தோட்டத்துத் துரையிடம் அழைத்துப்போய்ப் பெயர் கொடுப்பதா என்ற கேள்வி, அவனுடைய புத்திக்கூர்மையைப் பொறுத்ததாக இல்லை; தகப்பன் இன்னும் எத்தனை வருஷம் மரம் வெட்டுவான் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. அந்த வருஷங்களுக்குள் பையன் பட்டமும் வாங்கி, வேலையும் தேடி, பட்டணத்தில் ஒரு வாடகை வீடும் பார்த்துவிடவேண்டும்.

இதன்மேல் வேறு இடிகளும் விழுந்தன. ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல் அக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் எங்கும் காணப்படும். அச்சொல்லைக் கேட்டாலே தொழிலாளர் கலங்கினார்கள். இவ்விஷயத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ். பின்னர் 1968 முதல் 20 ஆண்டுகள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரும் அவரே. துண்டாடலுக்கு எதிராக மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தோட்டங்களை வாங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதையும் தவணையில் செலுத்தலாம். நெகிரி செம்பிலான் தொழிற்சங்கத்தில் பொதுவாழ்வைத் தொடங்கிய பி. பி. நாராயணன் 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வழியே கூலி உயர்வுக்குப் போராடிக்கொண்டிருந்தார். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் கடுமையாக்கப்பட்டபோது, பிரஜாவுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைக்கத் தவறிய குடும்பத்தின் பிள்ளை, எவ்வளவு புள்ளி வாங்கினாலும் உபகாரச் சம்பளத்துக்கு மனுப்போட முடியாமல் நின்றான்.

அதே சமயத்தில் சர்வகலாசாலைகள் பெருகின. 1970இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகம் 1977இல் பாங்கிக்குக் குடிபெயர்ந்தது. 1971இல் செர்டாங் விவசாயக் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. இரண்டும் சிரம்பான் சாலையிலேயே இருப்பதால், நெகிரி செம்பிலான் பிள்ளைக்கு ஒரு சௌகரியம் ஏற்பட்டது. சௌகரியத்தோடு ஒரு சங்கடமும் ஏற்பட்டது. சனிக்கிழமை பஸ் ஏறினால் மாலைக்குள் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை கையோடு கூலி தரும் கைக்காசு வேலைக்கு ஆள் எடுத்தால், விடுமுறைக்கு வந்த பட்டப்படிப்பு மாணவனும் பால் கத்தியைக் கையில் எடுத்தான். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. வருஷக் கடைசியில் மழைக்காலமும் கட்டணம் செலுத்தும் காலமும் சேர்ந்து வந்த வருஷங்களில், விடுதி அறையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதும் அவனுடைய படிப்பில் ஒரு பகுதியாயிற்று.

1974இன் கடைசியில் ரப்பர் விலை வீழ்ந்து, கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூர் மைதானத்தில் மாணவர்கள் திரண்டபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ரப்பர் விலை என்றால் என்ன என்று புத்தகம் பார்க்காமலே அறிந்தவன் தோட்டத்து மாணவன். ஆயினும் அந்த மைதானத்துக்குப் போக அவனுக்கே அதிகம் தயக்கம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பிடிபட்டால் உபகாரச் சம்பளம் போகும். உபகாரச் சம்பளம் போனால் படிப்பு போகும். படிப்பு போனால் அக்காள் செலவிட்ட பத்து வருஷமும் போகும். இதைக் கோழைத்தனம் என்று சொல்லுவதற்கு எனக்கு நா எழவில்லை. அடுத்த ஆண்டே, 1971இல் இயற்றப்பட்ட பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் தொடர்பு வைக்கலாகாது என்று கட்டுப்பாடு இறுகிற்று. தொழிற்சங்கத் தலைவரின் மகன் அந்தச் சட்டத்தைப் படித்தபோது என்ன நினைத்தான் என்று யாராவது எழுதிவைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

அரசியல் கதவு மூடப்பட்டதால் மாணவரின் ஊக்கம் வேறு வாய்க்காலில் பாய்ந்தது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழகச் சரித்திர விரிவுரையாளர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், சர்வகலாசாலை மாணவர்களையே ஆசிரியர்களாகக் கொண்டு, வாரக் கடைசியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. பத்துமலைக்குப் போகும் கல்வி யாத்திரை என்ற புதிய வழக்கத்தையும் ஏற்படுத்திற்று. பாங்கியில் படித்த சில மாணவர்கள், பிற்காலத்தில் மலேசிய சோசலிசக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய அருட்செல்வன் உட்பட, அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் பாடம் நடத்தப் போய், பாடத்திலிருந்து வீட்டுப் பிரச்சினைக்கும், அதிலிருந்து மாதச் சம்பளக் கோரிக்கைக்கும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவன் தகப்பனுடைய சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்க்காமல் திரும்புவது கடினம். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இன்று இரவு தோட்டத்தில் வகுப்பு நடத்திய அந்த வாலிபர்களின் மதிப்பெண் குறைந்திருக்கலாம். ஆனால் அவ்வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுள் சிலர் மூன்று நான்கு வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து, தாங்களும் வகுப்பு நடத்தினார்கள்.

விடுதி வாழ்க்கையில் இன்னொரு நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது. முதல் வருஷம் எல்லாருக்கும் அறை கிடைத்தாலும், அடுத்த வருஷம் அறை வேண்டுமானால் விளையாட்டு, கலை நிகழ்ச்சி, சங்கப் பொறுப்பு இவற்றில் ‘மெரிட்’ புள்ளி சேர்க்கவேண்டும் என்ற வழக்கம் மலேசியப் பல்கலைக்கழகங்களில் பரவிற்று. வசதியுள்ளவன் புள்ளி குறைந்தால் வெளியே வாடகைக்குப் போவான். தோட்டத்துப் பிள்ளைக்கு விடுதி அறை போனால் படிப்பே ஆபத்து. எனவே அவன் கபடியிலும் இருப்பான், கோலப் போட்டிக் குழுவிலும் இருப்பான், இரத்ததான முகாமில் நாற்காலியும் தூக்குவான். தகப்பனுக்கு வீடு வேலையைப் பொறுத்திருந்ததுபோல் மகனுக்கு அறை புள்ளியைப் பொறுத்திருந்தது என்ற ஒற்றுமையை அந்த விதியை வகுத்தவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள்.

தொண்ணூறுகளுக்குப் பின் நிலைமை வேகமாக மாறிற்று. பால்மரம் விழுந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம், வேண்டிய ஆளும் அயல்நாட்டிலிருந்து வந்தான். 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசியக் கைக்கு வந்த கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியின் நிலங்கள் உட்பட, சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே பல தோட்டங்கள் வீட்டுமனையாயின. 2003 முதல் மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பூமிபுத்திரர் அல்லாதாருக்குப் பத்து விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. அந்தப் பத்தில் தமிழனுக்கு எத்தனை என்பது ஒவ்வோராண்டும் பத்திரிகைச் செய்தி. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் விரும்பிய துறை கிடைக்காதவன் 1997இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடன் நிதியில் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போனான். அவனுடைய உத்தியோகக் கவலையில் கடன் தவணை என்ற புது அத்தியாயம் சேர்ந்தது. முன்னோர் கங்காணிக்குக் கடன் பட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், கடனோடு வாழ்க்கையைத் தொடங்குவது இந்தக் குடும்பங்களுக்குப் பழக்கமானதுதான்.

இப்போது அந்தத் தனியார் கல்லூரிகளில் சில தோட்ட வட்டாரத்திலேயே எழுந்து நிற்கின்றன. தொண்ணூறுகளின் கடைசியில் இன்டி, நீலாய்க் கல்லூரிகள் வந்தன; பிறகு அரசாங்கத்தின் இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமும் தனியார் மணிப்பால் பல்கலைக்கழகமும் வந்தன; ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த நீலாய் ஒரு பல்கலைக்கழகப் பட்டணமாகிவிட்டது. 2012இலும் 2018இலும் பழைய பல்கலைக்கழகச் சட்டமும் திருத்தப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சியில் சேரவும் வளாகத்துக்குள் அரசியல் பேசவும் தடை நீங்கிற்று. லாபு, கர்பி, லின்சம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்க, அவற்றில் படித்த பிள்ளைகளின் குடும்பங்களுள் பல சிரம்பானிலும் நீலாயிலும் மலிவு விலை அடுக்கு வீடுகளில் இருக்கின்றன. கல்லூரி மாணவன் மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகிறான். தமிழ்ப் பேரவைச் செயலாளரும் அவனாக இருந்தால், கூட்டத்தை இரவு பத்து மணிக்கு வைத்துக்கொள்கிறார்கள்.